ஒரு பூங்கா, ஒரு பள்ளி, நடுவில் ஒரு கழிப்பறை

"மேடம், இந்தப் பொண்ணு யாரு?"

பள்ளிக்கூட வாசலில் நட்டிருந்த புதுப் பலகையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே ஆயாம்மா கேட்டாள். எட்டடி அகலப் பலகை. வரப்போகும் தெரு, வரப்போகும் பூங்கா, அதோடு ஒட்டிய பள்ளிக்கூடம் எல்லாம் அதில் வண்ண வண்ணமாக இருந்தன. நடுவில் ஒரு சிறுமி சிவப்பு பலூனைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

பலகை கோணாமல் நிற்கிறதா என்று பார்க்க நகரமன்ற அலுவலகத்திலிருந்து வந்திருந்த இளம்பெண், "யாரும் இல்லீங்க. சும்மா படத்துக்காகப் போட்டது" என்றாள்.

"இந்த நாய்?"

"அதுவும் படத்துக்குத்தான்."

"இந்த மரம்?"

"அது வரும்."

"இம்மாம் பெருசாவா?"

"இவ்வளவு பெருசாக இருபது வருஷம் ஆகும்."

"அதுவரைக்கும் அந்தப் புள்ள பலூனை விடாம புடிச்சிருக்கணும், பாவம்." ஆயாம்மா துணியைப் பிழிந்தாள். "மேடம், நான் எண்ணிப் பார்த்துட்டேன். மொத்தம் முப்பத்தொரு பேரு. சைக்கிள் ஓட்டுறாங்க, புஸ்தகம் படிக்கிறாங்க, பெஞ்சில உக்காந்து சிரிக்கிறாங்க. இத்தனை பேர்ல ஒருத்தருக்குக்கூட ஒண்ணுக்கு வராதா?"

இளம்பெண் பலகையைப் பார்த்தாள். அதிலிருந்த வாசகங்களை இரண்டு மொழியிலும் எழுதியவள் அவள்தான். ஒவ்வொரு எழுத்தையும் மூன்று முறை சரிபார்த்திருந்தாள். இதை மட்டும் பார்த்திருக்கவில்லை.

"பிளான்ல இருக்கும். கேட்டுச் சொல்றேன்."

"கேளுங்க, கேக்குறதுக்கு என்ன காசா பணமா? எங்க கக்கூஸ் தெரு ஓரமா இந்த மூலையில இருக்கு. படத்துல அதே மூலையில பெரிய பூச்சட்டி இருக்கு. எங்ககிட்ட நானூத்துப் பன்னெண்டு பிள்ளைங்க. பூச்சட்டியிலயே போகச் சொல்லிடலாமான்னு அதையும் சேர்த்துக் கேட்டுடுங்க."

பின்னாளில் அந்த இளம்பெண்ணுக்கு இந்தப் பேச்சு ஒரு சொல் பிசகாமல் நினைவிருந்தது. அதிசயமில்லை. அந்தத் திட்டம் நடந்த இரண்டு வருஷத்தில் அதைப் பற்றி யாரும் கேட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

ஆயாம்மா அந்தப் பள்ளிக்கு வந்தது பத்து நாள் வேலைக்கு. நாத்தனார் கையை உடைத்துக்கொண்டாள், அவளுக்குப் பதிலாக வந்தாள். நாத்தனாரின் கை கூடியது, அவள் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள், அங்கே கல்லாவரை உயர்ந்தாள். ஆயாம்மாவின் பத்து நாள் மட்டும் இருபத்துமூன்று வருஷமாக முடியவில்லை. வீட்டுக்காரர் பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவர். வாயைத் திறந்தால் காற்று இறங்கிவிடும் என்பதுபோல இருப்பார். அவர் பங்கையும் சேர்த்து இவள் பள்ளிக்கூடத்தில் பேசித் தீர்த்தாள். மகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். "அவ உள்ள இருக்கறதைப் பாக்குறா, நான் வெளிய வர்றதைப் பாக்குறேன். ரெண்டும் ஒரே தொழில்தான்" என்பாள் ஆயாம்மா.

தொழில் என்று அவள் சொன்னதில் பொய்யில்லை. நாலு கழிப்பறை, கால் மணி நேர இடைவேளை, நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். இந்தக் கணக்கு எந்தக் கணக்கு வாத்தியாருக்கும் வராது. ஆயாம்மாவுக்கு வந்தது. இடைவேளை மணியை அவள் நம்பவில்லை. இரண்டாம் வகுப்பை முதல் பாடம் முடிந்ததும் அனுப்பிவிடுவாள், அவர்களுக்கு அடக்கத் தெரியாது. ஐந்தாம் வகுப்பைக் கடைசியில் விடுவாள், அவர்கள் அங்கே போய்ப் பாட்டுப் பாடுவார்கள். எட்டாம் வகுப்புப் பெண்களை எல்லாரும் பிரார்த்தனைக்கு நிற்கும் நேரத்தில், யார் கண்ணிலும் படாமல் அனுப்புவாள். தலைமை ஆசிரியையான பெரிய டீச்சரின் கால அட்டவணை கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது, ஆயாம்மாவின் அட்டவணை அவள் தலைக்குள் இருந்தது. இரண்டும் முட்டிக்கொண்ட நாட்களில் கண்ணாடிச் சட்டம்தான் விட்டுக்கொடுத்தது.

சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்போது வாசலில் நின்று தண்ணீர்ப் புட்டிகளைத் தூக்கிப் பார்ப்பாள். கனமாக இருந்தால் அந்தப் பிள்ளையின் காதைப் பிடிப்பாள். "குடிக்கலைன்னா நாளைக்கு நானே உன் வாயில குழாயை வெப்பேன்."

திட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரயில் நிலையத்திலிருந்து நகரமன்றம் வரை போகும் ஒன்றேகால் கிலோமீட்டர் தெருவை அழகுபடுத்துவது என்று முடிவாகியிருந்தது. அழகான தெருவுக்கு ஒரு போட்டி, ஜெயித்தால் ஒரு கேடயம். இந்த வேலைக்கென்று ஒரு பிரிவு, அதற்கு ஒரு தலைவர். அலுவலகமே அவரை 'அழகு சார்' என்றுதான் கூப்பிட்டது, முதுகுக்குப் பின்னால் மட்டுமில்லை. அவருக்கும் அதில் கோபமில்லை. அவர் ஆட்சியில் விளக்குக் கம்பங்களுக்குச் சுருள் முடி வந்தது. நடைபாதை மேலேறியது, சாக்கடை கீழேயே நின்றது. தெருவை அகலப்படுத்த ஏழு மரங்களை வெட்டினார்கள். வெட்டி வெறிச்சென்று ஆன சுவரில் ஏழு மரங்களை வரைந்தார்கள். "இதுக்குத் தண்ணியும் ஊத்த வேணாம், இலையும் கொட்டாது" என்று அழகு சார் பெருமைப்பட்டுக்கொண்டார்.

ஆனால் பூங்காவையும் பள்ளியையும் சேர்க்கிற யோசனை நல்ல யோசனை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பள்ளிக்கு விளையாட இடமில்லை, பக்கத்துப் பூங்காவில் பகலில் ஆளில்லை. நடுச்சுவரை எடுத்துவிட்டால் பகலில் பிள்ளைகளுக்குப் பூங்கா, மாலையில் ஊராருக்குப் பள்ளி முற்றம். அந்த வாசகத்தை எழுதியபோது இளம்பெண்ணுக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. நல்ல யோசனைக்கும் இரண்டு துறைகள் அப்பன் ஆனால் என்ன ஆகும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

ஆயாம்மா கேட்ட அன்று மாலை அவள் அலுவலகத்தில் இரண்டு வரைபடங்களையும் தரையில் விரித்து ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்தாள். பூங்காத் துறையின் வரைபடத்தில் கழிப்பறை இல்லை. பள்ளி இருக்கும் பக்கத்தில் சின்னக் கட்டம் போட்டு, 'கழிப்பறை: பள்ளியில் ஏற்கெனவே உள்ளது' என்று எழுதியிருந்தது. கட்டடத் துறையின் வரைபடத்திலும் கழிப்பறை இல்லை. பூங்கா இருக்கும் பக்கத்தில் அதே அளவு கட்டம் போட்டு, 'கழிப்பறை: பூங்காவில் அமையவுள்ளது, பழையது இடிக்கப்படும்' என்று இருந்தது. கோடுகள் இரண்டும் சுத்தமாகப் பொருந்தின. தப்பு கண்டுபிடிக்க முடியாத தப்பு.

அவள் அதிகம் பேசாதவள். பேச வேண்டியதை மனசுக்குள் நாலு முறை சொல்லிப் பார்த்துவிட்டு அழகு சாரின் அறைக்குள் போனாள். அவர் இரண்டு படங்களையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"இது கழிப்பறைப் பிரச்சினை இல்லம்மா. ஒருங்கிணைப்புப் பிரச்சினை."

"சார், பிள்ளைங்க எங்க போவாங்க?"

"அதைத்தான் ரெண்டு துறைக்கும் எழுதிக் கேக்கணும். நீயே ரெண்டு மொழியிலயும் எழுதிடு."

"நம்ம படத்துல ஒரு ஓரமா போட்டுட்டா, அப்புறம் யாராவது கட்டித்தானே ஆகணும்?"

அழகு சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "கக்கூஸ் இருக்கிற படத்துக்கு எந்த நடுவராவது கேடயம் குடுப்பானா? கல்யாணப் பொண்ணு போட்டோவுல போய் விளக்குமாத்தை வெக்கச் சொல்றியே!"

அவள் எழுதினாள். கடிதங்கள் போயின. பூங்காத் துறை பதில் எழுதியது: பள்ளியில் ஒன்று இருக்கும்போது இன்னொன்று வீண்செலவு. கட்டடத் துறை பதில் எழுதியது: பூங்காவில் ஒன்று வரும்போது இன்னொன்று வீண்செலவு. சிக்கனத்தில் இரண்டு துறையும் ஒன்றையொன்று மிஞ்சின. ஒன்று இருந்தது, இன்னொன்று வரவிருந்தது. இரண்டுக்கும் நடுவில் நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் காலைச் சேர்த்து நிற்கவேண்டும் என்பதை மட்டும் எந்தக் கடிதமும் சொல்லவில்லை.

இடிப்பு மட்டும் குறித்த நாளில் நடந்தது. விடுமுறையின் கடைசி நாள் இடித்தார்கள், மறுநாள் காலை பிள்ளைகள் வரும் முன்பே பூச்சட்டி வந்துவிட்டது. செடிதான் வரவில்லை.

அன்றிலிருந்து ஆயாம்மா பிள்ளைகளை வரிசைகட்டித் தெருவில் கூட்டிப்போனாள். எதிர் வரிசை அச்சகத்தில் ஆறு பேருக்கு மேல் விடமாட்டேன் என்றார்கள். பல் டாக்டர் நாலு பேரை விட்டார், பதிலுக்கு எல்லாப் பிள்ளைகளின் பல்லையும் பார்த்து வீட்டுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வங்கிக்குப் பன்னிரண்டு பேரோடு போனபோது காவலாளி தடுத்தார்.

"வாடிக்கையாளருக்கு மட்டும்மா."

"அண்ணே, இதுங்க எல்லாம் பதினஞ்சு வருஷம் கழிச்சு உங்க வாடிக்கையாளர்தான்."

"அப்ப பதினஞ்சு வருஷம் கழிச்சு வரச் சொல்லு."

"அதுவரைக்கும் இதுங்க தாங்கும். ஆனா உங்க தரை தாங்காது" என்று சொல்லி, இரண்டாம் வகுப்பிலேயே மிகச் சின்னதாக இருந்த ஒன்றை முன்னால் தள்ளினாள். அது நின்ற நிலையைப் பார்த்ததும் காவலாளி கதவைத் திறந்துவிட்டார். மறுநாள் மேலாளரே வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது வாரம் ஆயாம்மாவுக்கு ஒரு விஷயம் கைக்குத் தெரிந்தது. சாயங்காலம் தூக்கிப் பார்த்த புட்டிகள் எல்லாம் கனத்தன. காலையில் வந்த தண்ணீர் அப்படியே வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பிள்ளைகளே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள்: குடிக்காவிட்டால் போக வேண்டாம். அவளால் ஒரு காதையும் பிடிக்க முடியவில்லை. அடுத்த நாள் உடற்பயிற்சி வகுப்பில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். எட்டாம் வகுப்புப் பெண்கள் மாதத்தில் நாலைந்து நாள் வராமலே நின்றுகொண்டார்கள். இரண்டு அப்பாக்கள் பெரிய டீச்சரிடம் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார்கள். வேறு பள்ளிக்கு என்று வாயால் சொன்னார்கள். வேறு பள்ளி நாலு கிலோமீட்டர் தள்ளி. அந்தப் பெண்கள் எந்தப் பள்ளிக்கும் போகப்போவதில்லை என்று பெரிய டீச்சருக்கும் தெரியும், ஆயாம்மாவுக்கும் தெரியும்.

"அந்தச் சீட்டை ஒரு பத்து நாளைக்கு எழுதாதீங்க டீச்சர்" என்றாள் ஆயாம்மா.

"பத்து நாள்ல என்ன ஆகிடும்?"

"என் பத்து நாள் எப்படிப்பட்டதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

ஒரு வாரத்தில் 'மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்' வந்தது. சட்டப்படி திட்டத்துக்கு முன்னால் நடத்தவேண்டியது. பாதித் தெரு முடிந்தபிறகு யாருக்கோ நினைவு வந்திருந்தது. பள்ளியின் பெரிய கூடத்திலேயே நடந்தது. மேடையில் அழகு சார், இரண்டு துறையிலிருந்தும் ஒவ்வொருவர். கீழே மக்கள் என்று சொல்ல இருபத்தாறு பேர். ஓரத்தில் குறிப்பெடுக்க அந்த இளம்பெண். தேநீர் ஊற்ற ஆயாம்மா.

அன்று ஆயாம்மா காட்டிய உபசரிப்பை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. கூட்டம் தொடங்கும் முன் ஒரு தேநீர். அழகு சார் வரவேற்புரை முடித்ததும், தொண்டை வறண்டிருக்குமே என்று இன்னொன்று. மின்விசிறி சரியாக ஓடவில்லை என்று சொல்லிச் சொம்பு நிறைய குளிர்ந்த தண்ணீர். பிஸ்கட் உப்புப் பிஸ்கட்டாகப் பார்த்து வாங்கியிருந்தாள். "இன்னும் ஒரு வாய், சார். வெயில்ல வந்திருக்கீங்க" என்று பெற்ற தாயைப் போல நின்று குடிக்கவைத்தாள். கீழே ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் விளக்குக் கம்பத்தின் சுருள் இடப்பக்கம் வளையவேண்டுமா வலப்பக்கமா என்று ஐம்பது நிமிஷம் பேசினார். ஆயாம்மா அவருக்கும் நடுவில் ஒரு தேநீர் கொடுத்துத் தெம்பூட்டினாள்.

இரண்டரை மணி நேரம் கழிந்தபோது அழகு சார் நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்தார். பிறகு மறுபக்கம். மேடையை விட்டு மெல்ல இறங்கி வந்து, "ஆயாம்மா, இங்க பாத்ரூம் எங்க இருக்கு?" என்று காதோடு கேட்டார்.

ஆயாம்மா காதோடு பதில் சொல்லவில்லை. கூடமே கேட்கிற மாதிரி, "படத்துல பாருங்க சார்!" என்றாள்.

அழகு சார் உண்மையாகவே படத்தைப் பார்த்தார். கூட்டத்துக்கென்று சுவரில் மாட்டியிருந்த தன்னுடைய படத்தையே, பலூன் பிடித்த பெண்ணிலிருந்து பூச்சட்டிவரை, கெஞ்சுவதுபோலப் பார்த்தார்.

"பூங்கா சார்கிட்ட கேட்டா பள்ளிக்கூடத்துல இருக்குன்னு சொல்வாரு. கட்டட சார்கிட்ட கேட்டா பூங்காவுல வரும்னு சொல்வாரு. நீங்க இங்க இருக்கிறதுக்குப் போறீங்களா, வரப்போறதுக்குப் போறீங்களா?"

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். ஆயாம்மா சிரிக்கவில்லை. குரலை இறக்கிக்கொண்டாள்.

"நீங்க கார்ல ஏறி வீட்டுக்குப் போயிடுவீங்க சார். திறப்பு விழாவுக்கு மேலிடத்துப் பெரியவர் வர்றாராமே? கூடவே வீட்டம்மாவும் வர்றாங்களாம். மூணு மணி நேர நிகழ்ச்சி. அந்தம்மா என்கிட்ட வந்து கேட்டா நான் எந்தப் பூச்சட்டியைக் காட்டட்டும்?"

அழகு சார் அந்த நிமிஷமே காரில் ஏறினார். போகிற வேகத்தில் கூட்டத்தை முடித்துவைக்கக்கூட மறந்துவிட்டார். குறிப்பேட்டில் இளம்பெண் எழுதினாள்: 'தலைவர் அவசரப் பணி காரணமாக விடைபெற்றார்.' அதையும் இரண்டு மொழியில்.

பள்ளிப் பிள்ளைகளுக்காக இரண்டு மாதம் கடிதம் எழுதியும் நகராத கல், ஒரு வீட்டம்மாவின் பேரைச் சொன்னதும் உருண்டது. பத்தொன்பது நாளில் கட்டடம் எழும்பியது. ஆறு அறை, பளிங்குத் தரை, ஆளுயரக் கண்ணாடி. வெளியே மாட்ட வேண்டிய பெயரை அழகு சாரே சொல்லி அனுப்பினார்: 'விருந்தினர் ஓய்விடம்'. பெரிய டீச்சரின் மேசை இழுப்பறையில் எழுதாமல் கிடந்த இரண்டு சீட்டும் எழுதாமலே கிழிபட்டன.

திறப்பு விழாவன்று பெரியவர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து பதினோரு நிமிஷம் இருந்தார். வீட்டம்மா வரவேயில்லை. ஓய்விடத்தின் பக்கம் விருந்தினர் யாரும் எட்டிப்பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அதைத் திறந்துவைத்த பெருமை அவர்களுக்குக் கிடைத்திருக்காது. காலை ஏழரை மணிக்கே எட்டாம் வகுப்புப் பெண்களை உள்ளே அனுப்பி ஆயாம்மா அதைத் திறந்தாகிவிட்டது.

மறுநாள் அதைப் பூட்டச் சொல்லி உத்தரவு வந்தது. விருந்தினர் வரும்போது மட்டும் திறக்கவேண்டும்.

"பூட்டியே வெச்சா நாத்தம் எடுக்கும் சார். தினமும் கழுவணும்" என்றாள் ஆயாம்மா.

"சரி, தினமும் திறந்து கழுவிட்டுப் பூட்டிடு" என்று அழகு சார் சாவியைக் கொடுத்தார்.

அவள் உத்தரவை மீறவில்லை. தினமும் காலை எட்டு மணிக்குத் திறந்து கழுவத் தொடங்கினாள், மாலை நாலு மணிக்குக் கழுவி முடித்துப் பூட்டினாள். புட்டிகள் மறுபடி இலேசாகின.

நாலாம் நாள் குழாய் இருமியது, நின்றது. கூரைத் தொட்டிக்கு விழாவன்று லாரியில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பியிருந்தார்கள். நிரந்தர இணைப்பு 'இரண்டாம் கட்டத்தில்' இருந்தது. முதல் கட்டக் குழாய் தெருமுனை நீரூற்றோடு முடிந்துவிட்டது. ஆயாம்மா இரண்டு வாளியோடு நீரூற்றுக்குப் போனாள். அங்கே புதிதாகப் போட்டிருந்த காவலாளி ஊதலை ஊதினார்.

"ஏம்மா, இதுல எல்லாம் எடுக்கக்கூடாது. இது அழகுத் தண்ணி."

"எங்க பிள்ளைங்களுக்கு அழுக்குத் தண்ணி இருந்தாலும் போதும் அண்ணே. அது எங்க இருக்கு?"

அவருக்குத் தெரியவில்லை. யாருக்குமே தெரியவில்லை. அந்த வாரம் பெரிய டீச்சர் வீட்டுக் கிணற்று மோட்டாரும், பல் டாக்டரின் நீண்ட குழாயும், ஆயாம்மாவின் இடுப்பும்தான் பள்ளியைத் தாங்கின. பிறகு போட்டி நடுவர்கள் தெருவைப் பார்க்க வருவதாக ஒரு கடிதம் வந்தது. விடியும்போதே லாரி வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போனது. நடுவர்கள் வரவில்லை, தேதி தள்ளிப்போயிற்று. தண்ணீர் மட்டும் வந்துவிட்டது. சிக்கனமாக ஒன்பது நாள் ஓட்டினாள். அடுத்த மாதம் வேறு ஊர் நகரமன்றத்தார் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. மறுபடி லாரி, கூடவே சோப்பு, ஒரு புதுத் துடைப்பம். அவர்களும் வரவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து ஆயாம்மா வேலைத்துணியை மாற்றி, தலையை வாரிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக நகரமன்ற அலுவலகத்தின் மூன்றாம் மாடி ஏறினாள். எந்த மேசையிலும் நிற்காமல் நேராக அந்த இளம்பெண்ணிடம் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மேடம் என்று கூப்பிடுவதை அவள் எப்போதோ விட்டிருந்தாள்.

"தண்ணி குடிக்கிறீங்களா ஆயாம்மா?"

"வேணாம் பாப்பா. இங்க எங்க இருக்குன்னு தெரியாம எதையும் குடிக்கமாட்டேன்." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மேசைமேல் குனிந்தாள். "இந்தப் பெரிய ஆளுங்க வர்றாங்கன்னு லெட்டர் போடுறது நீதானே?"

"ஆமா. நான்தான் எழுதுவேன். மேல கையெழுத்து ஆகும்."

"மேல படிச்சுப் பார்ப்பாங்களா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இல்ல."

"அப்ப எனக்கு ஒரு உபகாரம் பண்ணு பாப்பா. மாசத்துக்கு மூணு தடவை, யாராச்சும் பெரிய ஆளு எங்க பள்ளிக்கூடத்தைப் பார்க்க வர்றாங்கன்னு ஒரு லெட்டர் எழுதிவிடு. எந்த மொழியில வேணா எழுது. அவங்க வரவே வேணாம், வந்தா பிள்ளைங்களை வெயில்ல நிக்க வெப்பாங்க. வர்றாங்கன்னு இருந்தா மட்டும் போதும்."